சில்லறைக் காசும் சிறார் கல்வியும்

(ஜெஞ்சாரோம் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



இன்று நாம் இங்குக் கூடியிருப்பதன் நோக்கம் எளியது. இன்னலுறும் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிப் படிப்பை நடுவில் விட்டுவிடாதிருக்க, நம் கைகளில் அன்றாடம் புழங்கும் சில்லறைக் காசுகளைத் திரட்டி ஒரு நிதி அமைக்கலாமா, அமைத்தால் அதனை எவ்வாறு நடத்துவது என்று ஆராய்வதே அந்நோக்கம். ஐந்து காசும் பத்துக் காசும் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை மாற்றிவிடுமா என்று ஐயுறுவோர் இருக்கலாம். அந்த ஐயத்திற்கு விடை காண்பதும் நம் கடமையே.

பால்மரம் வெட்டுவோருக்கு ஒட்டுப்பாலைப் பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிய பின்னரும், மங்கின் அடியில் ஒட்டியதும் மரத்தின் வெட்டுக்கோட்டின் மீது நாடாபோல உறைந்ததும் எஞ்சி நிற்கின்றன. தனித்தனியே பார்த்தால் அவை சிறு துணுக்குகள். ஆயினும் அவற்றை எந்தத் தொழிலாளியும் வீசி எறிவதில்லை. மறுமுறை வெட்டும்போது அவற்றைப் பிரித்தெடுத்துச் சேர்க்கிறார்; தராசில் நிறுக்கிறார்; அதற்கும் கூலி பெறுகிறார். சில்லறைக் காசு நம் வருவாயின் ஒட்டுப்பால் எனலாம். அதைச் சேர்ப்பதற்கு ஒரு கூடையும், நிறுப்பதற்கு ஒரு தராசும், கணக்கெழுத ஓர் ஏடும் இருந்தால் போதும். அது பயன்தரும் பொருளாகிவிடும்.

எந்தப் பிள்ளைகளுக்கு உதவி?

இன்னலுறும் குடும்பம் என்று நாம் யாரைக் குறிப்பிடுகிறோம்? நேற்றுவரை நன்றாக வாழ்ந்த குடும்பமாகவும் அது இருக்கலாம். தகப்பனார் விபத்தில் கையையோ காலையோ இழந்து வேலைக்குச் செல்ல இயலாதிருக்கலாம். கணவனை இழந்த தாய் ஒருவரே மூன்று நான்கு பிள்ளைகளைக் காப்பாற்றி வரலாம். தோட்டம் கைமாறி, வீட்டைக் காலி செய்துவிட்டு, வாடகை வீட்டில் குடியேறிய குடும்பமாக இருக்கலாம். பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு முதுமையடைந்த பாட்டியின் தலையில் விழுந்திருக்கலாம்.

ஜெஞ்சாரோமைச் சுற்றியுள்ள கோல லங்காட் வட்டாரத்தில் நேர்ந்துள்ள மாறுதல்களை நாம் அனைவரும் கண்ணால் கண்டு வருகிறோம். ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிலங்களில் பின்னர்ச் செம்பனை நடப்பட்டது. இன்னும் பல இடங்களில் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துள்ளன. லயத்தில் வாழ்ந்த காலத்தில் பள்ளி நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. தாயார் வெட்டுக்குப் போனாலும் ஆயாக்கொட்டகை இருந்தது. அடுத்த வீட்டுக்காரர் சொந்தக்காரர் போலப் பார்த்துக்கொண்டார். லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பல, இவை அனைத்தையும் ஒரே நாளில் இழந்தன. பள்ளிக்குப் பேருந்துக் கட்டணம் வேண்டியதாயிற்று. வீட்டு வாடகை, மின்சாரம், தண்ணீர் என ஒவ்வொன்றிற்கும் காசு வேண்டியதாயிற்று.

ஒரு பிள்ளை படிப்பை நிறுத்துவது பெரும்பாலும் ஒரே நாளில் நிகழ்வதன்று. மழை மாதங்களில் வெட்டு நாட்கள் குறைகின்றன. இலையுதிர் காலத்தில் பால் குறைகிறது. அந்த மாதம் பள்ளிப் பேருந்துக்குக் கட்ட இயலாமல் பிள்ளை இரண்டு நாள் வீட்டில் நின்றுவிடுகிறது. பிறகு விடுபட்ட பாடம் விளங்குவதில்லை. கிழிந்த காலணியைக் கண்டு தோழர்கள் நகைக்கிறார்கள். இரண்டு நாள் ஒரு வாரமாகிறது, வாரம் மாதமாகிறது. இறுதியில், பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று நாமே சொல்லி முடித்துவிடுகிறோம். தொடக்கத்தில் குறைந்தது சில வெள்ளி மட்டுமே. அந்தச் சில வெள்ளி உரிய நாளில் கிடைத்திருந்தால் அப்பிள்ளை வகுப்பறையில் அமர்ந்திருக்கும்.

அரசாங்க உதவியும் நம் கடமையும்

வறிய மாணவர்களுக்கு அரசாங்கம் பல உதவிகளைச் செய்து வருகிறது. அவற்றை அறிந்து பெற்றுக்கொள்வது நம் முதற்கடமை. பாடநூல் இரவல் திட்டம் 1975 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது; 2008 ஆம் ஆண்டு முதல் வருமான வேறுபாடின்றி எல்லா மாணவர்களுக்கும் பாடநூல்கள் இரவலாக வழங்கப்படுகின்றன. வறிய தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான துணையுணவுத் திட்டம் 1979 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கக் கல்வி 2003 ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டில் ஏழை மாணவர்களுக்கான அறநிதியும் நிறுவப்பட்டது. பள்ளித் தொடக்க உதவியாக 150 வெள்ளி, பெற்றோரின் வருமானத்தைப் பாராமல் மாணவர்களுக்கு வழங்கும் முறை 2023 ஆம் ஆண்டில் வந்தது. வேலையில் காயமுற்றோருக்கும் இறந்தோரின் குடும்பத்தாருக்கும் சொக்சோ உள்ளது. ஆதரவற்ற குடும்பங்களுக்குச் சமூகநல இலாகா உள்ளது.

இவ்வளவு இருந்தும் சில்லறைக் காசு எதற்கு என்று கேட்கலாம். அரசாங்க உதவி சட்டத்தின்படியும் பாரங்களின்படியும் வருவது. பாரத்தை நிரப்ப வேண்டும். பிறப்புப் பத்திரம் காட்ட வேண்டும். வருமானச் சான்று இணைக்க வேண்டும். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட வாரங்களில் பிள்ளை எவ்வாறு பள்ளிக்குச் செல்லும்? பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்காகப் பதிவு இலாகாவிற்குப் பலமுறை சென்றுவரத் தாயாருக்கு வழிச்செலவு யார் தருவது? கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லும் பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடி வாங்க எந்தப் பாரத்தை நிரப்புவது? இத்தகைய இடைவெளிகளை அடைக்கவே அண்டை அயலாரின் காசு தேவைப்படுகிறது. ஆறு பெருக்கெடுத்து ஓடினாலும், அவரவர் வயலுக்கு வாய்க்கால் வெட்டிக்கொள்வது அவரவர் கடமை.

ஆகவே, நாம் அமைக்கும் நிதியின் முதற்பணி பணம் கொடுப்பதாகவும் இராது. பாரம் நிரப்பிக் கொடுப்பதாகவே இருக்கும். எழுதப் படிக்க அறிந்த இளைஞர் இருவர் மாதம் ஒருநாள் அமர்ந்து, எந்தக் குடும்பம் எந்த உதவிக்குத் தகுதியுடையது என்று பார்த்து மனு எழுதிக் கொடுத்தால், பத்துக் காசு செலவில் பல நூறு வெள்ளி அக்குடும்பத்திற்குக் கிடைக்கக்கூடும்.

நம் முன்னோர் காட்டிய வழி

சிறு காசைத் திரட்டிப் பெருங்காரியம் செய்வது தோட்டத் தொழிலாளருக்குப் புதியதன்று. பிள்ளைகளின் கல்விக்காக அவர்கள் எத்தகைய இன்னல்களை ஏற்றார்கள் என்பதையும் நாம் நினைவுகூர வேண்டும்.

ஓரினத்தைச் சேர்ந்த பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. சட்டம் இருந்ததேயன்றி, பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகையாகவும், ஆசிரியர் என்பவர் ஓய்வு நேரத்தில் பாடம் சொல்லும் கங்காணியாகவோ கிராணியாகவோ இருந்தது. இந்நிலையில் 1941 ஆம் ஆண்டில் நமக்கு அண்மையிலுள்ள கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்களுக்கு வழிகாட்டியவர் ஆர். எச். நாதன். கூலி உயர்வு, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழித்தல் முதலிய கோரிக்கைகளோடு, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வசதி வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. அப்போராட்டம் படைபலத்தால் ஒடுக்கப்பட்டது, உயிர்கள் பலியாயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். தாம் கைநாட்டு வைத்தாலும் தம் பிள்ளைகள் கையொப்பமிட வேண்டும் என்ற வேட்கை அம்மக்களிடம் அன்றே இருந்தது.

அடுத்து, 1950களில் நிகழ்ந்த ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறோம். அக்காலத்தில் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும், நல்லதொரு தமிழ் நூலகம் அமைய வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் ஒரு நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்பதே அவர் கேட்டது. பல்கலைக்கழக வாயிலையே காணாத பாமர மக்களும் தங்கள் ஒரு வெள்ளியைக் கொடுத்தார்கள். அத்துறை 1956 ஆம் ஆண்டில் தொடங்கிப் பின்னர்க் கோலாலம்பூருக்கு வந்தது. ஒரு செல்வரிடம் பெருந்தொகையாகப் பெறாமல் ஆளுக்கு ஒரு வெள்ளியாகப் பெற்றதால், அது மக்கள் அனைவர்க்கும் உரிய பணியாயிற்று.

மூன்றாவது எடுத்துக்காட்டைத் தோட்ட மக்கள் நன்கறிவர். 1950களின் பிற்பகுதியில் பெரிய தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. வேலையோடு வீட்டையும் இழந்து தொழிலாளர் குடும்பங்கள் தவித்தன. அப்பொழுது துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960 ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி. அதனை மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்கள் செலுத்தினார்கள். அந்நாளைய கூலியில் பத்து வெள்ளி என்பது சிறு தொகையன்று. வீட்டு அடுப்பிலிருந்து பிடுங்கிக் கொடுத்தது போன்றதே. அவ்வாறு சேர்ந்த பணத்தைக் கொண்டு 1961 ஆம் ஆண்டில் கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தொடர்ந்து மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் உடைமையாயின. பிரிக்பீல்ட்சில் அவர் பெயர் தாங்கிய சாலை வழியே செல்லும்போதெல்லாம், அந்தப் பத்து வெள்ளியையும் நாம் எண்ணிப் பார்த்தல் தகும்.

உலகம் கண்ட எடுத்துக்காட்டு

பிள்ளைகளுக்காகவே பத்துக் காசு திரட்டப்பட்ட வரலாறு அமெரிக்காவில் உண்டு. இளம்பிள்ளை வாதம் என்னும் கொடிய நோய் அக்காலத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகளை முடமாக்கிவந்தது. அந்நோயால் கால்கள் செயலிழந்தவரான அதிபர் பிராங்கிளின் ரூசவெல்ட் 1938 ஆம் ஆண்டில் அதற்கென ஓர் அறநிறுவனத்தைத் தோற்றுவித்தார். ஒவ்வொருவரும் ஒரு பத்துக் காசு நாணயத்தை நேரே வெள்ளை மாளிகைக்கு அனுப்புங்கள் என்று எடி கேண்டர் என்னும் நகைச்சுவை நடிகர் வானொலி வாயிலாக வேண்டினார். அவ்வாறு வந்து குவிந்த நாணயங்கள் 26 இலட்சத்து 80 ஆயிரம். ஆண்டுதோறும் தொடர்ந்த அந்தத் திரட்டலின் துணையோடு ஆராய்ச்சி நடந்தது. டாக்டர் ஜோனாஸ் சால்க் கண்ட தடுப்பு மருந்து பயன்மிக்கது என்று 1955 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இன்று நம் நாட்டுக் குழந்தைகளுக்கு அந்நோய்க்கெதிராகத் தடுப்பூசி போடும்போது, முன்பின் அறியாத மக்கள் கொடுத்த பத்துக் காசும் அதில் கலந்திருக்கிறது.

தமிழ்நாட்டிலும் ஒரு சான்று உண்டு. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் 1956 ஆம் ஆண்டில் தொடங்கியது. பின்னர், கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்தோறும் நடைபெற்றன. இன்னின்ன பொருள் நம் பள்ளிக்குத் தேவை என்று ஒரு பட்டியல் வைக்கப்படும். ஊர் மக்கள் தம்மால் இயன்றதைக் கொடுப்பார்கள். ஒருவர் மணி கொடுத்தார். ஒருவர் பலகை கொடுத்தார். ஒருவர் பிள்ளைகளுக்குச் சீருடை கொடுத்தார். அரசாங்கம் ஒரு கையும் ஊரார் ஒரு கையும் கொடுத்துப் பள்ளியைத் தூக்கி நிறுத்தினார்கள்.

அவ்வளவு தூரம் செல்லவும் வேண்டா. உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியை வேறு பானையில் போட்டு வைக்கும் பிடியரிசிப் பழக்கம் நம் பாட்டிமார் அறிந்ததே. உண்பவர் வயிற்றுக்கு அந்த ஒரு பிடி குறைவதாகத் தோன்றாது. மாத முடிவில் அதுவே ஒரு பானை அரிசியாக நிற்கும்.

எவ்வளவு சேரும்?

இனிக் கணக்கிற்கு வருவோம். நூறு குடும்பங்கள் நாளொன்றுக்குப் பத்துக் காசு எடுத்து வைப்பதாகக் கொள்வோம். ஒரு நாளைக்குப் பத்து வெள்ளி; முப்பது நாள் கொண்ட மாதத்திற்கு 300 வெள்ளி; பன்னிரண்டு மாதத்திற்கு 3,600 வெள்ளி. ஒரு குடும்பம் கொடுப்பது மாதம் மூன்று வெள்ளியே. பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பகிர்ந்தால் பிள்ளை ஒன்றுக்கு ஆண்டிற்கு 300 வெள்ளி கிடைக்கும். ஒரு பிள்ளையின் முழுப் படிப்புச் செலவிற்கு இது போதாது. ஆயினும், பேருந்துக் கட்டணம் இல்லாத இரண்டு மாதத்தைக் கடப்பதற்கும், ஒரு காலணிக்கும், ஒரு மூக்குக்கண்ணாடிக்கும் இது பேருதவியாகும். முன்னர் நாம் கூறியவாறு, படிப்பு அறுந்துபோவது இத்தகைய சிறு கண்ணிகளில்தான்.

2008 ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கிக் கடைக் கணக்குகள் ஐந்து காசுக்குச் சரிசெய்யப்படுகின்றன. ஆதலால் கடைக்குச் சென்று வரும்போது நம் கையில் எஞ்சும் மிகச் சிறிய காசு ஐந்து காசு. அதைப் பிள்ளைகள் விளையாடவும் மேசை இழுப்பறையில் கிடக்கவும் விட்டுவிடுகிறோம். அதனை ஒரு தகர உண்டியலில் இட்டால் போதும். இக்காலத்தில் கைப்பேசி வழியே பணம் செலுத்துவோர் பெருகிவிட்டதால் சில்லறை கையில் தங்குவது குறைந்து வருகிறது. அத்தகையோர் சம்பள நாளன்று மூன்று வெள்ளியை எடுத்து வைத்துவிடலாம். முறை எதுவாயினும் இடைவிடாமல் கொடுப்பதே வேண்டுவது. விழாக் காலத்தில் ஒருவர் கொடுக்கும் ஐம்பது வெள்ளியைக் காட்டிலும், மழை மாதத்திலும் தவறாது வரும் மூன்று வெள்ளியை நம்பியே ஒரு பிள்ளையின் பேருந்துக்கு நாம் பொறுப்பேற்க முடியும்.

கணக்கு வெளிப்படையாக இருத்தல் வேண்டும்

நம் மக்கள் கொடுக்கத் தயங்குவதற்கு வறுமை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நம்பிக்கையின்மை. முன்பு எதற்கோ வசூலித்தார்கள், கணக்குக் காட்டவில்லை என்ற பேச்சு ஊருக்கு ஊர் உண்டு. ஆதலால், முதல் காசு விழுமுன்பே சில விதிகளை வகுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, பொது உண்டியலுக்கு இரண்டு பூட்டுகள் இருக்க வேண்டும். சாவிகள் இருவேறு குடும்பத்தாரிடம் இருக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் தாய்மார்களின் சார்பில் இருத்தல் நலம்.

இரண்டாவது, சம்பளத்திற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வர விரும்பும் எவரும் பார்க்கும்படியாக உண்டியலைத் திறந்து எண்ண வேண்டும். எண்ணிய தொகையை அங்கேயே ஏட்டில் எழுதி மூவர் கையொப்பமிட வேண்டும். பணத்தை எவர் வீட்டிலும் வைத்திராமல், இருவர் கையொப்பமின்றி எடுக்க இயலாத வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும்.

மூன்றாவது, வரவையும் செலவையும் எழுதி, மக்கள் கூடும் இடத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். பேருந்துக் கட்டணத்திற்கு இவ்வளவு, காலணிக்கு இவ்வளவு, பயனடைந்த பிள்ளைகள் இத்தனை பேர் என்று இருந்தால் போதும். பிள்ளைகளின் பெயர் ஒருபோதும் பலகையில் வரலாகாது.

நான்காவது, இந்தப் பணத்தைக் கடன் கொடுப்பதற்கோ, வட்டிக்கு விடுவதற்கோ, விழா விருந்திற்கோ பயன்படுத்தலாகாது. கூட்டுப் பணத் திட்டத்தைத் தொழிலாக நடத்துவது 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டதாகும். நம் நிதியில் எவருக்கும் எதுவும் திரும்பி வருவதில்லை, சேர்வதனைத்தும் பிள்ளைகளுக்கே. இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே அனைவர்க்கும் விளக்கிவிட வேண்டும்.

ஐந்தாவது, வீடு வீடாகவும் தெருவிலும் சென்று பொதுமக்களிடம் பணம் திரட்டுவதை 1947 ஆம் ஆண்டுச் சட்டமொன்று நெறிப்படுத்துகிறது. அதற்குக் காவல் துறையின் உரிமம் பெற வேண்டும். பள்ளியின் வாயிலாகத் திரட்டுவதானால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தோடும் தலைமையாசிரியரோடும் கலந்து உரிய அனுமதி பெற வேண்டும். சிறுபிள்ளைகளின் கையில் உண்டியலைக் கொடுத்துச் சாலையோரம் அனுப்புவது அறவே கூடாது. படிக்க வேண்டிய பிள்ளையைப் படிப்பின் பெயராலேயே கையேந்த வைப்பது முறையாகாது.

பிள்ளையின் மானம்

இப்பொழுது நாம் கூறப்போவதே இவ்வுரையின் முதன்மையான கருத்து. உதவி செய்வதில் இரு வகை உண்டு. ஒன்று, பெறுபவரை நிமிர்ந்து நிற்கச் செய்வது. மற்றொன்று, கொடுத்தவரின் பெயர் விளங்கப் பெறுபவரைக் குனியச் செய்வது. பிள்ளைகளைப் பொறுத்தவரை இரண்டாவது வகை உதவியே அன்று.

பள்ளிக் கூட்டத்தில் பெயர் சொல்லி அழைத்து, மேடையேற்றி, படமெடுத்து ஒரு பிள்ளைக்குக் காலணி கொடுத்தால், அப்பிள்ளை அதை அணியும் ஒவ்வொரு நாளும் அந்த மேடையில் நிற்பதாகவே உணரும். பிள்ளைகள் வறுமையைப் பொறுத்துக்கொள்வார்கள். வறுமையைப் பிறர் சுட்டிக்காட்டுவதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். பள்ளிக்கு வருவதற்காகக் கொடுத்த காலணியே பள்ளிக்கு வராமலிருக்கக் காரணமாகிவிடலாகாது.

ஆகவே, பேருந்துக் கட்டணத்தை மாதந்தோறும் பேருந்துக்காரரிடமே நேரே கட்டிவிடலாம். மற்றப் பிள்ளைகள் ஏறும்போது இப்பிள்ளையும் ஏறும். யாருக்கும் வேறுபாடு தெரியாது. எழுதும் புத்தகங்களை ஆசிரியர் எல்லாருக்கும் கொடுக்கும் வேளையிலேயே கொடுக்கலாம். காலணியையும் சீருடையையும் தாயாரிடம் கொடுத்து, அவர் கையால் பிள்ளைக்குக் கொடுக்கச் செய்யலாம். பிள்ளைக்குத் தன் தாய் வாங்கிக் கொடுத்த காலணியாக அது இருக்கட்டும். எந்தப் பிள்ளைக்கு உதவி போகிறது என்பதைத் தலைமையாசிரியரும் நிதிப் பொறுப்பாளர் இருவரும் அறிந்தால் போதுமானது.

மேலும் ஒன்று. உதவி பெறும் வீட்டின் உண்டியலும் வெறுமையாக இருக்க வேண்டுவதில்லை. இயன்ற நாளில் அவ்வீட்டாரும் ஐந்து காசு இடட்டும். அதனால் நிதி பெருகிவிடப் போவதில்லை. ஆயினும் அக்குடும்பம் பெறுவது பிச்சையன்று, தானும் சேர்ந்து கட்டிய பொதுச் சொத்தில் தன் பங்கு என்ற எண்ணம் நிலைபெறும். தோட்டங்களில் மரண சகாய நிதி நடத்தி வந்தோர் இதனை நன்கறிவர். ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்தால் நிதியிலிருந்து பணம் வரும். அதைப் பெறும் குடும்பம் தலைகுனிவதில்லை; ஏனெனில் பிற வீடுகளில் துக்கம் நேர்ந்தபோது அக்குடும்பமும் கொடுத்திருக்கிறது. இறந்தோருக்காக நாம் கண்ட ஒழுங்கை வாழப்போகும் பிள்ளைகளுக்காகவும் காண்போம்.

சில ஐயங்கள்

ஏழை ஏழைக்குக் கொடுப்பதா என்று கேட்போர் உண்டு. பசியின் கொடுமையைப் பசித்தவரே அறிவர். அன்றியும், இன்று கொடுப்பவர் நாளை பெற நேரிடலாம். மரத்திலிருந்து விழும் கிளைக்கு யார் தலை என்று தெரியாது. அந்த நாளில் நம் பிள்ளையின் பேருந்து நிற்காமல் வர வேண்டுமானால், இன்று அடுத்த வீட்டுப் பிள்ளையின் பேருந்தை நாம் நிற்கவிடலாகாது.

இந்த நிதி யாருக்கு என்று இனம் பார்ப்பதா என்ற வினாவும் எழக்கூடும். ஜெஞ்சாரோம் நகரில் சீனர் கடைகளிலும் மலாய்க்காரர் கடைகளிலும் நாம் பொருள் வாங்குகிறோம். அண்டை வீட்டில் அவர்களோடு வாழ்கிறோம். அவர்களுள் நல்ல மனம் படைத்தோர் நம் உண்டியலில் காசு இடுவார்களேயானால் அதை நன்றியோடு ஏற்போம். அதேபோல, நம் அண்டையில் இன்னலுறும் பிள்ளை எந்த இனத்தைச் சேர்ந்ததாயினும் நம் உதவி அப்பிள்ளைக்கும் உரியதே.

வேறு சிலர், பத்துக் காசு கொடுத்துவிட்டால் முதலாளியும் அரசாங்கமும் தங்கள் பொறுப்பை மறந்துவிட மாட்டார்களா என்று வினவுவர். சிந்திக்கத்தக்க வினாவே இது. நியாயமான கூலியையும் நல்ல வீட்டையும் பள்ளியையும் சில்லறைக் காசால் ஈடுசெய்ய முடியாது, ஈடுசெய்யவும் கூடாது. அவற்றைத் தொழிற்சங்கத்தின் வாயிலாகவும் மக்கள் பிரதிநிதிகள் வாயிலாகவும் உரிமையோடு கேட்டுப் பெற வேண்டும். ஆயினும் அவை வந்து சேரும்வரை பிள்ளையின் வயது நின்றுகொண்டிருப்பதில்லை. ஏழு வயதில் கற்க வேண்டிய எழுத்தைப் பதினேழு வயதில் கற்பது அரிது. உரிமையைக் கேட்கும் குரலும் உதவி செய்யும் கையும் ஓருடலுக்கே உரியவை.

கள்ளுக்கும் குதிரைப் பந்தயத்திற்கும் நான்கு நம்பருக்கும் போகும் காசைப் பற்றி நாம் விரித்துரைக்கப் போவதில்லை. கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் 1941 ஆம் ஆண்டிலேயே கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள் என்பதை மட்டும் மீண்டும் நினைவூட்டுகிறோம். அவர்கள் அக்கோரிக்கையையும் பள்ளிக் கோரிக்கையையும் ஒரே பட்டியலில் வைத்தார்கள். ஒன்றுக்குப் போகும் காசு மற்றொன்றுக்குக் கிடைப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

தொடங்குவது எப்படி?

பெரிய தொடக்க விழா வேண்டா. மாலையும் மேளமும் வேண்டா. பத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடினால் போதும். ஆளுக்கொரு பால்மாவு டின்னை எடுத்து, மூடியில் துளையிட்டு, பிள்ளைகள் கையெட்டும் இடத்தில் வையுங்கள். நாளுக்குப் பத்துக் காசை வீட்டுப் பிள்ளையின் கையாலேயே அதில் இடச் செய்யுங்கள். சேமிப்பும் பிறர்க்குதவும் குணமும் அப்பிள்ளைக்கு ஒரே செயலில் பழக்கமாகும். மூன்று மாதம் ஒழுங்காக நடத்திக் கணக்கைப் பலகையில் ஒட்டுங்கள். பத்துக் குடும்பம் தானாகவே முப்பதாகும். கணக்கு நேராக இருக்கும் இடத்தில் காசு தேடி வரும்.

முதல் ஆண்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா உதவியும் செய்ய முற்படாதீர்கள். இரண்டு பிள்ளைகளை மட்டும் ஏற்றுக்கொண்டு, ஆண்டு முழுவதும் ஒரு நாளேனும் பணமின்மையால் அவர்கள் பள்ளிக்கு வராதிருக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். இருபது பிள்ளைகளுக்கு ஒரு நாள் பரிசுப்பை கொடுப்பதைக் காட்டிலும் அது மேலான தொண்டு. அந்த இரு பிள்ளைகளின் வருகைப் பதிவேடே நம் நிதியின் வெற்றிக்குச் சான்றாகும்.

தோழர்களே, விடியுமுன் எழுந்து, பனியிலும் கொசுக்கடியிலும் நிறை நிறையாகச் சென்று மரம் வெட்டும் நீங்கள், பால் எவ்வாறு சேர்கிறது என்பதை அறிவீர்கள். ஒரு மங்கு நிறைவதால் வாளி நிறைவதில்லை. நூற்றுக்கணக்கான மரங்கள் ஆளுக்குச் சிறிது கொடுக்கின்றன. அவற்றை ஒரே காலையில், உறைந்துபோகுமுன் சேர்த்தெடுக்கும் ஒழுங்கினால் வாளி நிறைகிறது. நம் காசுக்கும் அந்த ஒழுங்கு வந்துவிட்டால், ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் ஐந்து வெள்ளிக்காகப் படிப்பை நிறுத்திய பிள்ளை என்று ஒருவரும் இருக்க மாட்டார்.

இக்கூட்டம் முடிந்து வெளியே செல்லும் முன்பே, முதற்பத்துக் குடும்பங்களின் பெயரைப் பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.